ஹாரன் அடித்தால் எந்திரிக்கணும்

அண்ணே,

பரணில் பழைய தலையணையைத் தேடப் போய் உன் ஹாரன் கையில் தட்டுப்பட்டது. ஆட்டோவில் பிதுக்கி அடிப்பார்களே, அந்தக் கறுப்பு ரப்பர்க் குமிழ். ரப்பர் பிசுபிசுத்துவிட்டாலும் சத்தம் போகவில்லை. ஒருமுறை அமுக்கியதற்கே அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறதல்லவா.

உன் சக்கர நாற்காலியில் அதைக் கட்டியதும், பின்னால் பஸ் போர்டு மாதிரி 'பழனி, பாயிண்ட் டு பாயிண்ட்' என்று அட்டை தொங்கவிட்டதும் நான்தான். "ஏறுனா நடுவுல நிறுத்த மாட்டேன்" என்று தெரு முழுக்க மிரட்டிக்கொண்டு வருவாய்.

அந்த ஹாரனை வைத்து விளையாட்டு கண்டுபிடித்தது நீ. நாங்கள் தரையில் உட்கார வேண்டும். நீ அடித்ததும் எந்திரிக்க வேண்டும். கடைசி ஆள் அவுட். நான் வேண்டுமென்றே அவுட் ஆவேன். நடக்க முடிந்த நாட்களில் நீ எழுந்த மாதிரியே, தரையில் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, உன் உடம்பின் மேல் நீயே ஏறுவதுபோல எழுவேன்.

"வெளங்காதவளே, அதையா நடிச்சுக் காட்டுவ?" என்று அம்மா அடிக்க வருவாள். நீ மார்க் போடுவாய்.

"ஒம்போது. முழங்கால்ல கை வைக்கிறப்ப சிரிச்சுட்ட. நான் சிரிப்பேனா?"

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி தொப்பம்பட்டியிலிருந்து வந்திருந்தாள், ஐந்து வயது மகன் கவினோடு. தெருப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து ஹாரன் அடித்தேன். எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். கவின் மட்டும் கையை ஊன்றினான். இடுப்பைத் தூக்கினான். முழங்கால், தொடை.

"அக்காக்காரி பழக்கிவிட்டது!" என்று சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். சிரிக்கவே இல்லை.

"ஏலே, நடிச்சது போதும். நேரா எந்திரிச்சா கோன் ஐஸ்."

மூன்று தடவை முயன்றான். "இப்புடித்தாங்க்கா எந்திரிக்க வருது" என்றான்.

உன் தசைநோய் அம்மா வழியில் இறங்குவது, தங்கச்சி பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் அன்றே அம்மாவிடம் சொன்னார். "கெண்டைக்கால் பயில்வான் கணக்கா இருக்கு, இவனுக்கா?" என்று சித்தி தட்டிவிட்டாள். உனக்கும் ஐந்து வயதில் அப்படித்தான் கொழுகொழுவென்று இருந்ததாம்.

இதைச் சித்தியிடம் சொன்னேன். "எதுலடி வெளையாடுறதுன்னு இல்லையா?" என்று சித்தி கையை ஓங்கினாள். அவள் பையில் ரப்பர் பாம்பு வைத்தவளை யார் நம்புவார்கள்? நான் சொல்லும் ஒரே உண்மைக்கு எதிராக என் பொய்கள் எல்லாம் வரிசைகட்டி நின்றன.

வேறு வழியில்லாமல் அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்து எழுந்து காட்டினேன். முழங்கால் வந்ததும், பாழாய்ப்போன வாய், அப்போதும் இளித்துவிட்டது.

"இது நான். இப்ப அவனைப் பாரும்மா."

அம்மா பார்த்தாள். அவன் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். "நாளைக்கே மதுரைக்குப் போவோம், எந்திரி" என்று சித்தி தோளைத் தொட்டாள். சித்தியால்தான் எந்திரிக்க முடியவில்லை.

பரிசோதனைக்குக் கவின் ரத்தம் கொடுத்தாகிவிட்டது. முடிவு வரவில்லை; வரும்வரை சித்தியும் அவனும் இங்கேதான். போன் அடித்தால் எடுக்க ஓடுகிறேன், அடிக்காவிட்டாலும் ஓடுகிறேன். நானே அவனுக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கக் கூடாதா, எல்லாம் என் குறும்பாகவே இருந்துவிடக் கூடாதா என்று இருக்கிறது.

"ஹாரன் வெளையாட்டு இனிமே இல்லையாக்கா?" என்று நேற்று கேட்டான். இருக்கிறது. விதியை மட்டும் மாற்றிவிட்டேன்: ஹாரன் அடித்தால் நிற்கிறவர்கள் எல்லோரும் உட்கார வேண்டும். தரையில் உட்கார்ந்தபடி அவன்தான் அடித்தான். சித்தி முதலில் உட்கார்ந்தாள், அடுத்து அம்மா.

கடைசியாக நான். சிரிக்கவே இல்லை, அண்ணே. இப்போது போடு மார்க்கை.