முருகனுக்கு நேர்ந்த முடி

ஜூலை 4, வெள்ளி

தலையணை உறை முழுக்கக் குட்டிக் குட்டி முடி. வழுக்கையில் முடி நட்டு மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் உதிர்கிறது. நட்டது முதலில் உதிரும், வேர் உள்ளேயே இருக்கும், மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கும், முழுசாய் நிறைய ஒரு வருஷம் ஆகும் என்று டாக்டர் படம் போட்டே சொன்னார். தெரியும். தெரிந்தும் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

உறையைத் துவைக்க எடுத்த அம்மா பார்த்துவிட்டாள். என் விளக்கம் எதுவும் காதில் ஏறவில்லை. நேரே சாமி படத்துக்கு முன்னால் போய் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்தாள்.

"செந்தூர் முருகனுக்கு நேந்துக்கிட்டேன்யா. முடி நல்லா வந்துட்டா மொட்டை போடுறதா."

முடி வந்தால் மொட்டை! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். இந்த அம்மாவை என்னதான் செய்வது?

செப்டம்பர் 12, வெள்ளி

ஒன்றும் முளைக்கவில்லை. தொப்பி போட்டுக்கொண்டே கடையில் சேலை விரித்துக் காட்டுகிறேன். பக்கத்துத் தோல்பைக் கடை ஹஸன் தினமும் எட்டிப் பார்க்கிறான். "இன்னா மச்சி, நாத்து நட்டு இம்மாம் நாளாச்சு, ஒண்ணியும் காணோம்? மோட்டார் போட்டு தண்ணி வுடு." நானும் சிரித்தேன். அவன் போனபிறகு தொப்பியை இன்னும் இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்க்கும்போது நெற்றிக்கு மேலே சொரசொரப்பு. முதலில் கண்டுபிடித்தது அம்மாவின் விரல்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூனை முடி மாதிரி வந்தது இப்போது தடிக்கிறது. தொப்பிக்கு விடுதலை.

கோபாலபுரத்தில் ஒரு வரன். பெயர் சிந்து, வங்கியில் வேலை. என் புது போட்டோவைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நட்ட முடி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இதற்கு முன் இரண்டு வீட்டில் வழுக்கை என்றுதான் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது முறை என்னால் முடியாது.

ஜனவரி 18, ஞாயிறு

அம்மாவோடு சண்டை. அடுத்த மாதம் எட்டாம் தேதி பெண் பார்க்கப் போகிறோம். அதற்குள் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டாக வேண்டுமாம். டாக்டரிடம் கேட்டேன். மழித்தாலும் திரும்ப வளரும், ஆனால் பின்மண்டையில் நடுவதற்காக முடி எடுத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாய்த் தெரியும் என்றார். அந்தத் தலையோடு போய் சிந்து முன்னால் உட்காரவா?

"கல்யாணம் முடியட்டும்மா."

"சாமி கடனை வச்சுக்கிட்டு நல்ல காரியம் பேசக் கூடாதுய்யா."

"நட்டது டாக்டரு, அறுக்கிறது முருகனா? யாரைக் கேட்டு நேந்த? போ, என் தலையில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!" என்று கத்திவிட்டேன். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

ஜனவரி 21, புதன்

அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சோறு மட்டும் வைக்கிறாள்.

ஜனவரி 29, வியாழன்

சுப்பம்மா சித்தியோடு அம்மா ரயிலேறிவிட்டாள். திருநெல்வேலியில் யாரோ வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறார்களாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தேன். முக்காடு போட்டுக்கொண்டு அம்மா நிற்கிறாள். முக்காடு நழுவியது. மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. அறுபது வயதிலும் நரை எண்ணி நாலுதான் என்று தெருவெல்லாம் பெருமை பேசுவாள்.

"நேந்தது முடிதானே. யார் தலைன்னு அவன் பாக்க மாட்டான். காப்பி போடவா?"

ஏம்மா இப்படிப் பண்ண? அவள் பையை வாங்கி உள்ளே வைத்தேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மா கிளம்ப மறுத்தாள். "ஏன் மொட்டைன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ?" நீ வராமல் நானும் போகமாட்டேன் என்றேன்.

கேட்டார்கள். உட்கார்ந்த உடனே சிந்துவின் அம்மா, "திருப்பதியா?" என்றார்.

"திருச்செந்தூர். சும்மா, ஒரு வேண்டுதல்" என்று அம்மா மழுப்பினாள்.

"எனக்காக" என்றேன். வழுக்கை விழுந்தது, முடி நட்டது, உதிர்ந்தது, அம்மா நேர்ந்தது, நான் மாட்டேன் என்று கத்தியது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சிந்து காப்பித் தட்டை வைத்துவிட்டு என் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தொட்டுப் பாக்கலாமா அத்தை?"

அம்மா முந்தானையை விலக்கித் தலையைக் குனிந்து கொடுத்தாள். அதற்குப் பிறகும் வெகுநேரம் அங்கே இருந்தோம். என் முடியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.