கிளிக்குத் தீட்டு உண்டா

ஈரக் கடலைக்காயை வேகவைத்து இறக்கினேன். ஆவி முகத்தில் அடித்ததும், உனக்கு ஆறட்டும் என்று ஒரு பிடி தனியே எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மாடியில் குடிவந்த ஆராய்ச்சிப் பெண் உன்னைக் கூண்டோடு கொண்டுவந்தபோது, “இது வளக்கற கிளி இல்லீங்கக்கா, எங்க காலேஜு கிளி. எவ்வளவு புரிஞ்சுக்குதுன்னு பாக்கறோம்” என்றாள். சாம்பல் உடம்பு, சிவப்பு வால். தட்டில் மரத்துண்டுகளை வைத்து, “எது வேற?” என்று கேட்பாள். நீ சரியானதைத் தொட்டுவிட்டு, அவள் சொல்லிக்கொடுத்த ‘கடலை’யை விட்டுவிட்டு, என் பேச்சில் “கல்லக்கா குடு” என்பாய். “உங்களால கெட்டுப்போச்சுக்கா இது” என்று சிரிப்பாள்.

கடைசி நாள் சாயங்காலம் நீ தட்டைப் பார்க்கவே இல்லை. “போதும். வூட்டுக்குப் போலாம்” என்றாய். காலையில் கூண்டின் அடியில் கிடந்தாய்.

அவள் அழுதுகொண்டே உன்னை ஐஸ் பெட்டியில் வைத்தாள். எதனால் செத்தாய் என்று காலேஜில் அறுத்துப் பார்ப்பார்களாம். “புரிஞ்சுதான் சொல்லுச்சா கண்ணு?” என்று கேட்டேன்.

“போதும்னா டெஸ்ட்டை நிறுத்திடுவோம்க்கா, அப்பிடியே பழகியிருக்கும். வூட்டுக்குப் போலாம்னு சொன்னதுதான்... தெரியலீங்கக்கா.”

என் பிள்ளைகளும் அப்படிப் பழகித்தானே பேசினார்கள்?

மறுநாள் தீர்த்தமலைக்கு வேண்டுதல். சாவு விழுந்த வீட்டிலிருந்து மலையேறுவதில்லை. நீ பேசியது வெறும் சத்தமென்றால் ஏறலாம். புரிந்து பேசியிருந்தால், வீட்டில் ஒருவர் போயிருக்கிறார். வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் சரிபார்க்காமல் படுக்காதவள் நான். இது மட்டும் எந்தப் பக்கமும் ஒட்டவில்லை.

“கோழிக் கொழம்பு வெச்சப்பெல்லாம் எத்தன நாளு தீட்டு காத்த? வண்டி வந்துருச்சு, ஏறு” என்றார் வீட்டுக்காரர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோழி என்னிடம் போதும் என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியாததால்தான் குழம்பானதோ என்று தோன்றியதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடிவாரம் வரை போனேன். அவரை மட்டும் மேலே அனுப்பிவிட்டுப் பூக்கடை ஓரம் உட்கார்ந்தேன்.

“நீங்க ஏறலீங்களா?” என்றாள் பூக்காரி.

“வூட்டுல சாவுங்க.”

“அய்யோ, யாருங்க?”

“எங்ககூடப் பேசிக்கிட்டிருந்தவங்க.”

யோசிக்காமல் வந்த பதில். சாமி மலையின் அடியில் உட்கார்ந்து சொன்னது. அது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய்யாக இருந்தாலும் திருப்பி வாங்க நாக்கு எழவில்லை.