மடியும் முடிச்சும்

பெரம்பலூர்
2-4-1985

புஷ்பவல்லிக்கு வைரக்கண்ணு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டாகிவிட்டது. கூடப் பிறந்தவள் என்றாலும் உனக்கு இனிக் கடிதம் எழுதுவதில்லை என்று என் கல்யாணத்தன்று எடுத்த முடிவை அவள் ஒருத்திக்காகத்தான் மாற்றியிருக்கிறேன்.

நேற்று உன் மாமனார் ராசாங்கம் என் சைக்கிள் கடைக்கே வந்துவிட்டார். நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து நீட்டினார். உன் மகளுக்கு இந்த மாதம் 25ஆம் தேதி, வியாழக்கிழமை காதுகுத்து. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் நான் வந்து மனையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முறையாக அழைத்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கம்மலுக்கும் சொல்லியாயிற்று.

போகும்போது ஒன்று சொன்னார். "ஒங்க தங்கச்சி படிக்கிறேன் படிக்கிறேன்னு திருச்சியிலயே குந்தியிருக்கு. புள்ள காதுகுத்துக்கு வந்துச்சுன்னா அத்தோட படிப்ப விட்டுட்டு நம்ம வூட்டுல இருக்கட்டும். அன்னிக்கு வல்லன்னா அப்பறம் எப்பவும் வர வேணாம். புள்ளய நாங்க வளத்துக்கிறோம்." கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் ரப்பர் துண்டைத் தேய்த்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டேன்.

கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றவளுக்கு எம்.எஸ்ஸி. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஒழுங்காக 24ஆம் தேதியே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு, உன் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்.

வைரக்கண்ணு


திருச்சி
6-4-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும், இருக்கட்டும்.

25ஆம் தேதி எனக்குக் கடைசி வருட கெமிஸ்ட்ரி பிராக்டிகல். வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். அந்த ஒரு நாள்தான், தவறினால் தவறியதுதான். அந்தத் தேதியை மாமாவிடம் சொன்னவளே நான்தான். பரீட்சை சமயத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உதவியாக இருக்கும் என்று நம்பிச் சொன்னேன். அவர் அந்த நாளாகப் பார்த்து வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

போன வருடம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீதான் என்னோடு பேசுவதில்லையே. ஐந்தாம் மாதம் வயிறு தெரிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதியை விட்டுப் போகச் சொன்னார்கள். மற்றப் பெண்கள் கெட்டுப்போவார்களாம். ஊரறியத் தாலி கட்டியவளுக்கே இந்தப் பேச்சு. தங்க இடம் தேடி அலைந்ததில் வகுப்புக்கு வந்த நாட்கள் குறைந்துபோயின. ஆபீஸில் போய் நின்றேன். டைபாய்டு என்றால் சர்டிபிகேட் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், மஞ்சள் காமாலைக்கும் வழியிருக்கிறது, பிரசவத்துக்கு மட்டும் வழி இல்லை என்றார்கள். எங்கள் மேடம் ஒருவர் இரக்கப்பட்டு, காமாலை என்றே எழுதி வாங்கிவிடேன் என்றார். ஆறு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய்க் காமாலை என்று எந்த முகத்தோடு சொல்வது? பரீட்சை எழுத விடவில்லை. இந்த வருடமும் எழுதாவிட்டால் இனி இடம் கேட்கமாட்டேன் என்று என்னிடமே எழுதி வாங்கிக்கொண்டுதான் மறுபடி சேர்த்தார்கள்.

உறையூரில் ஓர் அறை எடுத்துப் பிள்ளையோடு இருந்தேன். பகலில் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார், மதியம் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவேன். போன மாதம் மாமாவும் அத்தையும் வந்து, ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் தருகிறோம் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் தரவில்லை. உன் மாப்பிள்ளைக்கு அரியலூர் ஆபீஸை விட்டால் வீடு. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. 25ஆம் தேதி நீ போகாதே. தாய்மாமன் மடி இல்லாமல் அந்தப் பக்கத்தில் காது குத்தமாட்டார்கள். காய்ச்சல் என்று சொல், பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று சொல். பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்துவார்கள். இந்த ஒன்பதாம் மாதம் தவறினால் அடுத்து பதினோராம் மாதம்தான், அது ஜூனில் வரும். அதற்குள் என் பரீட்சை முடிந்திருக்கும். நானே என் பிள்ளையைத் தூக்கி உன் மடியில் வைப்பேன்.

புஷ்பா


பெரம்பலூர்
10-4-1985

புஷ்பவல்லிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். என்ன என்று உன் அண்ணி ரத்தினம் கேட்டாள், படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கல்யாணத்தன்றும் உனக்கு இதே பிராக்டிகல்தான். தாலியில் முதல் முடிச்சு நான் போட்டேன். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது. "நாத்தனார் எங்க, நாத்தனாரக் கூப்புடுங்க" என்று புரோகிதர் கத்துகிறார், பந்தல் முழுக்க என் முகத்தைப் பார்க்கிறது. நான் கயிற்றை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் குனிந்து நிற்கிறேன். கடைசியில் பெரியப்பா மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து போடச் சொன்னோம். அவள் ரத்தினத்தின் தலைமுடியையும் சேர்த்து முடிந்துவிட்டாள். ஒரே தங்கச்சி, அண்ணன் கல்யாணத்துக்கே வரவில்லையாமே, என்ன தகராறு என்று பெண் வீட்டார் இன்னும் விசாரிக்கிறார்கள்.

வா என்று கெஞ்சியபோது வராதவள் இப்போது என்னை வராதே என்கிறாய். உனக்கு வேண்டும்போது முறை, வேண்டாதபோது பரீட்சை.

வெற்றிலையை வாங்கிவிட்டேன், போகத்தான் வேண்டும். பிள்ளை நன்றாக இருக்கிறதாம். புட்டிப்பால் பழகிவிட்டதாம். உன்னைத் தேடுவதேயில்லை என்று உன் மாமியார் சொல்லியனுப்பினாள். உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

வைரக்கண்ணு


திருச்சி
15-4-1985

அண்ணனுக்கு,

வலித்தது. சந்தோஷப்பட்டுக்கொள்.

எனக்கு இன்னும் பால் நிற்கவில்லை. லேபில் நின்றுகொண்டிருக்கும்போது தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் ரவிக்கை நனைந்துவிடுகிறது. ஸ்டோர் ரூமில் போய்ப் பீச்சிக் கொட்டிவிட்டு வருகிறேன். யாரும் வராமல் அட்டெண்டர் முருகையன் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இவ்வளவு பெரிய காலேஜில் எனக்குக் கிடைத்த உதவி அந்த முதுகு ஒன்றுதான். சொந்த அண்ணனிடமிருந்து அதுவும் இல்லை.

உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? எனக்கு அச்சடித்த பத்திரிகைதான் வந்தது. வேறு நாள் வையுங்கள் என்று அழுது எழுதினேன், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று பதில் போட்டாய். மாமாவாவது என் பரீட்சை இருக்கிறது என்று தெரிந்து அந்த நாளைப் பிடித்தார். நீ தெரிந்துகொள்ளவே இல்லை. அவரை விட நீ எந்த விதத்தில் மேல் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

25ஆம் தேதி நான் பரீட்சைக்குத்தான் போவேன். நீ மனையில் உட்கார்ந்தாலும் போவேன், உட்காராவிட்டாலும் போவேன். நீ உட்கார்ந்துவிட்டால் என் பிள்ளை எனக்கு இல்லை. அதைத் தெரிந்துகொண்டு உட்கார்.

அழுதால் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். குத்தும்போது கொஞ்சம் நிமிர்த்திப் பிடி. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

புஷ்பவல்லி


பெரம்பலூர்
27-4-1985

புஷ்பவல்லிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டேன், இதைக் கேட்க.

உட்காரத்தான் போனேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்காக ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாய். அம்மாவையும் ரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு, சீர்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

மனையில் உட்கார்ந்தேன். உன் மகளைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். நான் எடுத்த பாவாடைதான் போட்டிருந்தாள், கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற பெண்களை முகம் முகமாகப் பார்த்தாள். எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். தேடுவதேயில்லை என்று சொன்னார்கள். அதை நான் வேறு உனக்கு எழுதித் தொலைத்தேன்.

ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து உன் மாமியார், "ஆத்தாக்காரிதான் வல்லயே, இனிமே நாந்தான் இதுக்கு ஆத்தா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு மாலை ஞாபகம் வந்தது. காலையில் கோயில் வாசலில் முதல் மாலையைப் பஞ்சாயத்துத் தலைவருக்குப் போட்டுவிட்டு எனக்கு இரண்டாவதாகப் போட்டிருந்தார்கள். போட்டபோது நான் கவனிக்கக்கூட இல்லை. இப்போது கோபம் வந்தது. நல்ல கோபம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "தாய்மாமன் நான் நிக்கிறப்ப மொத மாலைய யாருக்குங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

உன் மாமனார் முதலில் சமாதானம் பேசினார். நான் குரலை ஏற்றினேன். அவரும் ஏற்றினார். "போனா போறான், வேற மடியா இல்ல?" என்றார். ஆசாரி ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். "தாய்மாமன் உசுரோட இருக்கயில வேற மடியில நான் குத்தமாட்டேங்க, பாவம்" என்றார். பெரியவர்களும் அதையே சொன்னார்கள். பிள்ளையை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். "என் தங்கச்சி வெத்தல பாக்கோட என் வூட்டு வாசப்படி ஏறி வந்து கூப்புட்டாத்தான் இனிமே இந்த மடி" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் ஒருவன் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்தது. பித்தானும் போயிற்று.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சபையில் மானத்தை வாங்கிவிட்டேனாம். பெரம்பலூர்க்காரன் ஒரு மாலைக்கு அலைந்தான் என்பதுதான் இப்போது ஜெயங்கொண்டம் வரைக்கும் பேச்சு. கடைக்கு வருகிறவர்கள்கூடக் கேட்டுவிட்டுத்தான் காற்றடிக்கிறார்கள். மாலைக்குச் சண்டை போடுகிற ஆள் நான் இல்லை என்று ரத்தினத்துக்குத் தெரியும். பஸ்ஸில் ஒன்றும் கேட்காமல் வந்தாள்.

இனி நான் சொல்வதைக் கேள். இப்போது அவர்களுக்கு நீ வேண்டும். நீ வந்து அழைக்காமல் நான் நகரமாட்டேன். பரீட்சை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்குப் போ. வாசலில் நிறுத்தமாட்டார்கள். போனதும் என்னைத் திட்டு. அவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால் நீ ஆரம்பி, பாதியில் நிறுத்தாதே. பேசிவைத்துச் செய்தோம் என்று சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டார்கள். ஒரு கார்டு வாங்கி என்னைக் கன்னாபின்னாவென்று எழுதி, தபாலில் போடச் சொல்லி உன் மாமனார் கையிலேயே கொடு. கட்டாயம் படிப்பார். உனக்கு அது ஒன்றும் சிரமமாக இருக்காது.

ரத்தினத்தின் தாலிக்கயிறு நைந்துபோயிருக்கிறது. மாற்று என்றால் இப்போது வேண்டாம் என்கிறாள். ஏன் என்றும் சொல்வதில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. உன்மேல் எனக்கிருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

வைரக்கண்ணு


கங்கைகொண்ட சோழபுரம்
8-6-1985

பெரம்பலூர் வைரக்கண்ணுவுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. ஒரு முழப் பூவுக்காகச் சாமி சன்னதியில் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டுப் போனவனை வேறு என்னவென்று எழுதுவது. மாமா முறையாக வந்து அழைத்தார். அத்தை விடியுமுன் எழுந்து பலகாரம் சுட்டார்கள். அத்தனையும் உனக்குத் துச்சமாகிவிட்டது. சபையில் எப்படி உட்கார்வது என்றே உனக்குத் தெரியவில்லை, காற்றடிக்கத்தான் லாயக்கு. உன்னோடு பிறந்ததற்கு நான் இங்கே தலைகுனிந்து நிற்கிறேன்.

நான் பாஸ் செய்தது உனக்கு எதற்கு? முதல் வகுப்பு என்பதும் உனக்கு எதற்கு? பிள்ளை என்னிடம்தான் தூங்குகிறாள். முதல் இரண்டு நாள் என்னிடம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இப்போது இறங்கமாட்டேன் என்கிறாள். இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

வருகிற 20ஆம் தேதிக்கு மறுபடி நாள் வைத்திருக்கிறது. இந்தத் தடவை என்னைக் கேட்டுத்தான் வைத்தார்கள். மாமா போகச் சொல்வதால்தான் உன்னை அழைக்க வருகிறேன், இல்லாவிட்டால் உன் வாசலை மிதிக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பிள்ளையோடு வருவேன். முதல் மாலை உனக்குத்தானாம், கட்டிக்கொண்டு அழு. பித்தான் உள்ள சட்டையாகப் போட்டுக்கொண்டு வா, பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

அண்ணியைப் புது மஞ்சள் கயிறு வாங்கி வைக்கச் சொல். வந்த கையோடு நாத்தனார் முடிச்சு இரண்டையும் நானே போட்டுத் தொலைக்கிறேன். அதற்காக உன்னோடு பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

புஷ்பவல்லி