கலக்காத வாளி

மச்சான்,

உன் ஹைட்ரோமீட்டர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நோர்பரியில் உன் ஷெட்டைத் துப்புரவாக்கப் போன உன் தங்கை, அதை உன் பழைய காலுறைக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிரித்தேன். மால்ட் பாகின் புளித்த வாசம். அந்த வாசத்தோடு நீயும் வந்து நின்றாய், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று நாமிருவரும் பியர் காய்ச்சினோமே, அந்தக் கோபம். பாகைக் காய்ச்சி வாளியில் விட்டது நீ. தண்ணீர் அளந்து சேர்த்தது நான், ஒரு சொட்டும் கூடவில்லை. உடனே நீ மேலால் ஒரு குவளை மொண்டு, நீளக் குழாயில் ஊற்றி, இந்தக் கண்ணாடி மிதவையை இறக்கினாய். இனிப்புக் கூடினால் மிதவை உயர்ந்து நிற்குமாம், ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்னத் தாழுமாம். 1050 காட்டவேண்டியது 1038 காட்டியது.

"என்னடா, தேம்ஸைத் திருப்பி விட்டனியோ?"

"அளந்துதான் ஊத்தினனான் மச்சான்."

"மீட்டர் பொய் சொல்லாது. எட்டாம் வகுப்போட நிண்டவன் அளந்தால் இப்பிடித்தான்."

அத்தோடு விட்டாயா? பிறந்தநாளன்று கிளாஸ் நீட்டிய ஒவ்வொருவரிடமும், "தண்ணி மாதிரி இருந்தால் என்னைப் பேசாதேங்கோ, எங்கட மாப்பிள்ளை அளந்தது" என்றாய். சபையே சிரித்தது. உன் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தண்ணியில் இரண்டு கிளாஸ் போட்ட நீ, கேக் வெட்டுமுன்னே சோபாவில் குறட்டை விட்டாய். எழுப்பிக் கேட்டால், "ஷிப்ட் களைப்படா" என்றாய். அதன்பிறகு பதினொரு வருஷம் அளவுக் குவளையை என் கையில் தரவில்லை. போத்தல் கழுவத்தான் நான்.

போன ஞாயிறு தனியாகக் காய்ச்சினேன். உன்னைப் போலவே மேலால் மொண்டு மிதவையை விட்டேன். 1037. அப்போ உண்மையாகவே நான்தான் பிழையோ?

பின்னால் நின்ற உன் தங்கை கேட்டாள்: "வாளியைக் கலக்கினனீங்களோ? அண்ணையும் இப்பிடித்தான், பாயசத்தை மேலால அள்ளிக் குடிச்சுப்போட்டு இனிப்பில்லை எண்டு கத்துவார்."

பாகு கனமானது மச்சான், அடியில் கிடந்திருக்கிறது. அகப்பையை விட்டு நன்றாகக் கலக்கினேன். 1050.

நீ இல்லை. யாரிடம் கொண்டுபோய்க் காட்ட? மிதவையோடு வந்த, நீ பியர் அளவுகள் எழுதும் கொப்பியை எடுத்தேன். முதல் பக்கத்தில் உன் மணியான கையெழுத்து: '1038. தண்ணீர் கூட. அவன்.' அதன்கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன்: 'கலக்கவில்லை. நீ.'

இன்று 1014க்கு இறங்கியிருக்கிறது. மூன்று நாள் ஒரே எண்ணில் நிற்கும்வரை போத்தலில் அடைக்கமாட்டேன். எனக்குப் பொறுமை இருக்கிறது. நீதான் அவசரக்காரன், வாளியைக் கலக்கவும் நிற்கவில்லை, என்னிடம் தோற்கவும் நிற்கவில்லை.