மதுரா சொன்ன மூன்று வசனம்

வியாழக்கிழமை, இரவு.

இன்று ஐந்தாம் தரத்துக்கு ஆலோசனைப் பாடம் எடுத்தேன். மனம் நொந்தால் சண்டை பிடிக்காமல் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, இனி என்ன வேண்டும் என்று மூன்று வசனத்தில் சொன்னால் போதும் என்றேன்.

"ஆர் முதலிலை செய்து காட்டப்போறியள்?"

வகுப்பில் வாயே திறக்காத மதுரா எழுந்தாள். பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், திங்கட்கிழமை நான் பிந்தி வரேக்கை, 'மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சதோ' எண்டு கேட்டியள், எல்லாரும் சிரிச்சவை. எனக்கு அழுகை வந்தது. இனிமேல் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

குரல் நடுங்கியது. ஆனால் ஒரு சொல்லையும் அவள் விழுங்கவில்லை. எனக்கு முகம் சுட்டது.

"நான் கதைச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளம்மா," என்றேன்.

"ஓம் ரீச்சர்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்தாள்.

இடைவேளையில் தனியே கூப்பிட்டு, அன்றைக்கு ஏன் பிந்தியது என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு ஏலாது ரீச்சர். தம்பிக்குச் சாப்பாடு தீத்தி, நேசறிப் பள்ளியிலை விட்டிட்டு வந்தனான்."

தாய்க்கு என்ன நோயோ தெரியவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். பாடசாலை அதிபர் எல்லார் முன்னிலையிலும் ஏசிய நாட்களில் நான் ஒரு வசனம்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. மதுராவுக்குப் பத்து வயது.