வாயால் ஊதுவதெல்லாம் அவருடையதாம்

என் எலிக்குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சளி இருமல் இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலியும் குறையவில்லை, எனக்கு வாயும் குறையவில்லை, மற்றபடி இரண்டு பேரும் சுகம். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், எதிர்வீட்டுத் தையல்காரி போனில் உனக்கு ஊதிப் பெரிதாக்குவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. போன மாதம் தெருமுனையில் இருக்கிற பெரிய கடையிலிருந்து உன் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். திருடவில்லை, பயப்படாதே. சோப்பு எடுக்கப் போனேன், கூரையில் இருக்கிற ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது, அதுதான், நடுவில் நீளமாக ஒரு விசில் வருமே, நீ சின்ன வயதில் விசில் பாட்டு போடு விசில் பாட்டு போடு என்று ரேடியோவைப் பிடித்து உலுக்குவாயே, அது. நானும் கூடச் சேர்ந்து விசில் அடித்தேன். ஒரு குழந்தை கைதட்டியது, அந்த உற்சாகத்தில் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். மேனேஜர் ஓடிவந்து, ஏம்மா, வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கக் கூடாதா, இதென்ன கடையா மாட்டுச் சந்தையா என்றார். இந்த விசிலை அடிச்சவளே நான்தான்யா, என்னையே விசில் அடிக்காதேன்னு சொல்ல நீ யாரு என்றேன். அவர் காவல்காரரைக் கூப்பிட்டார்.

ஆமாம் எலிக்குட்டி, அந்த விசில் நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பாட்டு ஸ்டூடியோவில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும், மிச்சத்தைச் சொன்னதில்லை. விசில் அடிக்க வேண்டிய ஆள் அன்றைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை, இசையமைப்பாளர் உள்ளே கத்திக்கொண்டிருந்தார், நான் வழக்கம்போல இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறி விசில் அடித்துக்கொண்டே போனேன். அங்கே புல்லாங்குழல் வாசிக்கிறவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அண்ணே, ஆளு வெளியவே இருக்கு என்றார். வாளியைக் கீழே வைக்கச் சொன்னார்கள், மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள், ஒரே தடவை, முடிந்தது. ஒரு நாள் கூலியும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தார்கள். பெண்பிள்ளை விசில் அடித்தாள் என்று தெரிந்தால் உன் பெரிய மாமா துடைப்பத்தை என் முதுகில்தான் தேய்த்திருப்பார், அதனால் மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றால், உன் அப்பா அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, என்னமா அடிக்கிறான் பாரு, ஆம்பளைன்னா இவன் ஆம்பளை என்பார். அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது, சொல்லு. இருபத்தொன்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

கடைக்கு வெளியே வேலையில்லாமல் நின்றபோதுதான் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன், இந்தக் கடையில் பதிவு செய்த பாட்டுகளைப் போடுவதற்குக் கட்டணம் கட்டியாகிவிட்டது என்று இருந்தது. என்னை வெளியே தள்ளிய அதே காவல்காரரிடம் கேட்டேன், அவர், ஆமாக்கா, வருஷா வருஷம் கட்டணும், கட்டலேன்னா ஆள் வந்து நிப்பாங்க என்றார். யாருக்குய்யா போகுது அந்தக் காசு என்றேன். பாடினவங்களுக்கு வாசிச்சவங்களுக்குத்தான் போகும், அதுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு என்று ஸ்டிக்கரின் அடியில் இருந்த விலாசத்தைக் காட்டினார். மறுநாளே போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் ஓடாது, ஊரில் இருக்கிற பாட்டுக்கெல்லாம் காசு வாங்குகிறவர்களுக்கு ஒரு லிப்டை ரிப்பேர் செய்ய வழியில்லை. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், பொறுமைசாலி, மூன்று தடவை சொன்னாள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கடை, பஸ், ஓட்டல், ரேடியோ, யார் பாட்டைப் போட்டாலும் காசு கட்ட வேண்டும், எல்லாம் ஒரே அண்டாவில் விழும். எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வேறு அண்டா, வேறு ஆபீஸ். இந்த அண்டாவில் பாதியைப் பதிவு செய்த கம்பெனி வழித்துக்கொள்ளும், மீதிப் பாதியில் பெரிய கரண்டி கேசட் அட்டையில் போட்டோ வந்த பாடகருக்கு, மிச்சம் மீதி பின்னால் உட்கார்ந்து வாசித்த கூட்டத்துக்கு. அதுவும் எப்படி, எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருந்தால்தான். இல்லையென்றால் நீ உன் எலும்பையே உருவி வாசித்திருந்தாலும் சல்லிக்காசு கிடையாது. சரி, என் பாட்டைப் பாரம்மா என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். புல்லாங்குழல், கிளாரினெட், மவுத் ஆர்கன், விசில், நாலுக்கும் நேராக ஒரே பெயர், என்னைக் கூப்பிட்ட அதே குழல்காரர். பதினோரு வருஷமாக வாங்குகிறாராம். வாயால் ஊதுவதெல்லாம் தன்னுடையது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார், நல்லவேளை அந்தப் பாட்டில் யாரும் சூடான டீயை ஊதிக் குடிக்கவில்லை, அதையும் சேர்த்திருப்பார்.

இந்த மாதக் கடைசிக்குள் ஆட்சேபம் எழுதிக்கொடுத்தால் உண்டு, அதற்குப் பிறகு அந்தப் பாட்டின் பட்டியலைப் பூட்டிவிடுவோம், யார் வந்து அழுதாலும் திறக்க மாட்டோம் என்றார்கள். பதினோரு நாள்தான் இருந்தது. பாரம் கொடுத்தார்கள், அதில் என்ன வாத்தியம் என்று ஒரு நீளமான பட்டியல், கரண்டி இருக்கிறது, ரம்பம் இருக்கிறது, அதையெல்லாம்கூட வாசிப்பார்களாம், விசில் இல்லை, மற்றவை என்பதில் டிக் பண்ணுங்கம்மா என்றாள். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள், பெருக்குகிறவளை யாரடி போட்டோ எடுத்தார்கள் என்றேன், பாவம், அதையும் பாரத்தில் எழுதப் போனாள். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் உடைத்துவிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, அந்த ஆம்பளை நீயா என்றார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் தானே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வா போகலாம், எவன் அவன் என்று கிளம்பிவிட்டார். ஸ்டூடியோவில் வேலை பார்த்த பழைய காசு கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது, அதற்கு அலைகிறேன் என்று மட்டும்தான் உன்னிடம் போனில் சொன்னேன், நீ என்னவோ, எவ்வளவும்மா வரும், அதைப்போல ரெண்டு மடங்கு நான் அனுப்புறேன், வெயில்ல அலையாதே என்றாய். வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம், அவ்வளவுதான் வரும், அந்த ஆபீஸுக்கு நடந்து தேய்ந்த செருப்புக்குச் சரியாகப் போய்விடும். ஆனால் காசை நீ அனுப்புவாய், பெயரை எந்த பேங்கில் கட்டி அனுப்புவாய்? என் வாழ்க்கையில் நான் செய்ததில் பெருக்கினது மறுநாள் குப்பையாச்சு, சமைத்தது மறுவேளை தீர்ந்தது, அந்த ஒன்றுதான் அப்படியே நிற்கிறது, அதற்கு நேராக வேறு ஒருத்தர் பெயரா?

நாலு மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிற விசாரணை நல்லவேளையாக அந்த மாதக் கடைசியில் இருந்தது, மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் சங்கத்து ஆள், ஒருத்தர் ரிட்டயரான ஒலிப்பதிவாளர். குழல்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் தலையணை கனத்துக்கு ஒரு பைலோடு வந்திருந்தார், தலை முழுக்கக் கறுப்புச் சாயம். என்னைத் தெரியாத மாதிரி பார்த்துவிட்டு, பொம்பளைங்க விசில் அடிப்பாங்களா சார், அதுவும் அந்தக் காலத்துல என்று சிரித்தார். வக்கீலும் சிரித்தார். இந்தக் காலத்துல நாலு வாத்தியத்தை ஒரே வாயில வாசிக்கிற ஆள் இருக்கும்போது, அந்தக் காலத்துல ஒரு பொம்பளை விசில் அடிச்சா என்ன சார் குறைஞ்சு போச்சு என்றேன். இரண்டு பேரும் அடித்துக் காட்டுங்கள் என்றார்கள். அவர் முதலில் அடித்தார். பொய் சொல்லக் கூடாது, சுத்தமாக அடித்தார், தேன் மாதிரி, ஆனால் பாதியில் மூச்சு தீர்ந்து நின்றார், மூச்சு இழுத்தார், மறுபடி தொடங்கினார். பாட்டில் அந்த விசில் எங்கேயும் அறுபடாது, கவனித்திருக்கிறாயா? அது ஏன் என்றால், நான் மூச்சை வெளியே விடும்போதும் அடிப்பேன், உள்ளே இழுக்கும்போதும் அடிப்பேன். தண்ணீர் வாளியோடு நாலு மாடி ஏறினால் எவளுக்கும் வந்துவிடும், மூச்சு வாங்கும்போது விசிலை நிறுத்தினால் அப்புறம் படியில் உட்கார்ந்துவிடத் தோன்றும். இழுக்கும்போது வருகிற சத்தம் மட்டும் கொஞ்சம் மெலிந்து, காய்ந்த மாதிரி இருக்கும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது, வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். உன் அப்பா பின்னால் இருந்து, தண்ணி குடிச்சுட்டு அடிடி என்றார், அந்த அறையில் உருப்படியாகப் பேசினவர் அவர் ஒருத்தர்தான். குடித்தேன், அடித்தேன், கடைசி வரைக்கும் நிறுத்தவில்லை. ஒலிப்பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டு, என் மூச்சு திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு விரலைத் தூக்கினார். அப்புறம் ரெக்கார்டைப் போடச் சொல்லி, மறுபடி கண்ணை மூடினார், விரல் அதே அதே இடத்தில் எழுந்தது. குழல்காரர், அது டேப்பை வெட்டி ஒட்டினது சார் என்றார். ஒலிப்பதிவாளர், ஐயா, ஒட்டுறதுக்கு எங்க தாலி அறுந்துடும், ஒரு விசிலுக்கு எவன் ஒட்டுவான் என்றார். அத்தோடு முடிந்தது. போன வருஷங்களின் காசு போனதுதான், சங்கம் கொடுத்ததைத் திருப்பி வாங்காதாம், கடைக்காரர்களிடம் வாங்குவதில்தான் இத்தனை கெட்டிக்காரர்கள், இனிமேல் என் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள்.

படி இறங்கும்போது குழல்காரர், தங்கச்சி, அன்னிக்கு உன்னை உள்ள கூப்பிட்டதே நான்தானே, அதை மறந்துட்டியே என்றார். மறக்கலண்ணே, கூப்பிட்டதுக்குப் பதினோரு வருஷம் கமிஷன் எடுத்தாச்சு, இன்னும் பாக்கி இருந்தா சொல்லுங்க என்றேன். குழல் வாசிக்கக் கூப்பிட்டு எட்டு வருஷமாச்சு தங்கச்சி, எல்லாத்தையும் மிஷின்லயே வாசிச்சிடறாங்க, இந்தப் பட்டியல்தான் சோறு என்றார். அதைக் கேட்டு எனக்கு ஒரு நிமிஷம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அந்தக் கோட்டைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. குழலுக்கு வருவது அவருக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது, அதை யார் பிடுங்கினார்கள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, அந்த ஆள் மூச்சு வாங்குகிறார் என்று அவருடைய பைலை வாங்கி மூன்று மாடியும் சுமந்துகொண்டு இறங்கினார், தன் முழங்காலை வைத்துக்கொண்டு. எனக்கு வாய்த்தது அப்படி.

உனக்கு ஒன்று சொல்கிறேன், வேலை செய்கிற இடத்தில் நீ செய்ததை அன்றைக்கே உன் பெயரில் எழுதிக் கொடுத்துவிடு, கூச்சப்பட்டால் கோட்டுப் போட்டவன் எழுதிக்கொள்வான். எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் பல்லோடும் சிரிப்போடும் இருக்க வேண்டும், உன் வீட்டில் சண்டை வந்தாலும் அது பாட்டு மாதிரி சீக்கிரம் முடிய வேண்டும், இது என் ஆசீர்வாதம். கடைவாய்ப் பல்லைக் காட்டப் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரம் போ.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த மூக்குக்கண்ணாடிப் பெண் போன் செய்தாள். அன்று தீர்ப்பு முடிந்ததும் அவர்கள் சாப்பாட்டுக்குப் பூட்டுகிற அவசரத்தில் ஒரு பாரத்தை நீட்டி, அடியில் இருந்த இரண்டு கட்டத்தில் என்னையும் உன் அப்பாவையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தாள். கலைஞர் என்ற கட்டத்தில் அவர் போட்டிருக்கிறார், சாட்சி என்ற கட்டத்தில் நான் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றிவிட்டார்களாம். பட்டியலைப் பூட்டியாகிவிட்டது, கையெழுத்து இடம் மாறியதற்காக மட்டும் திறப்பார்களாம், அதற்கும் புதிதாக ஆட்சேபம் கொடுக்க வேண்டும், மூன்று பேரும் மறுபடி உட்கார நாலு மாதம் ஆகும். அதுவரைக்கும் பட்டியலில் அந்த விசிலை அடித்தவர் உன் அப்பா, நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

உன் அம்மா