அப்பா கேட்ட கறுப்புக் கல்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாலினிக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர்ல உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கிடுதேன். இங்க நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை ஓட மாட்டேங்கு. போன்ல சொல்லலாம்னா நீ பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காவ. அதான் அடுத்த வீட்டு ரஞ்சனா அங்க மெல்போர்னுக்கு வர்றாள்னதும் அவ கையில குடுத்துவிடுதேன். உனக்கு எழுத்துக்கூட்டித்தானே தமிழ் வாசிக்க வரும், பெருசு பெருசா எழுதியிருக்கேன், மெதுவா வாசி.

ஆண்டாப் ஹில் புது வீட்டுச் சாவி வந்து ஒன்றரை மாசம் ஆச்சு, இன்னும் குடிபோகல. காரணம் நானும் அப்பாவும் போட்ட சண்டை. முலுண்ட்ல சித்தி வீட்டைப் பாத்திருக்கியே, தரை பூரா ஒரே நிறம், அடுப்படிச் சுவருக்கு இளம்பச்சை டைல்ஸ், மஞ்சள் வெளிச்சம், அப்படித்தான் எனக்கும் வேணும்னு இருந்தேன். இருபத்தெட்டு வருஷம் இந்த ஒத்தை ரூம் கோலியில சமைச்சவளுக்கு இது பெரிய ஆசையா சொல்லு. அப்பா ஒத்துக்கிடல. குளியலறை வாசல்லயும் பால்கனிப் படியிலயும் கறுப்புக் கல் பட்டை, வெள்ளைச் சுவருக்கு அடர்ந்த நிறத்துல கதவு, ரூமுக்கு ரெண்டு டியூப்லைட்டுன்னு அங்க வேலை பாக்குற கொத்தனார் மிஸ்திரி தமிழ்செல்வன்கிட்ட தனியாப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாவ. இது வீடா ரயில்வே ஸ்டேஷனான்னு நான் கத்திட்டேன். எதுக்குன்னு கேட்டா, எனக்கு அப்படித்தான் வேணும்னு ஒரே பேச்சு. ஒன்பது நாள் ரெண்டு பேரும் முகங்குடுத்துப் பேசல, மிஸ்திரிதான் நடுவுல கிடந்து அல்லாடுனாரு.

ரெண்டு வாரம் முன்னால செவ்வாக்கிழமை அங்க போயிருந்தோம். நல்ல பகல் வெளிச்சம். ஹால்ல வெள்ளைத் தரையில வெள்ளை வாளி நிறைய சிமெண்டு வச்சிருந்தாங்க. அப்பா நேராப் போய் அதுல இடிச்சு விழுந்தாவ, முழங்கை கிழிஞ்சு ரத்தம். கண்ணை எங்க வச்சிருக்கீயன்னு நானும் கேட்டுட்டேன், அந்த வாயை என்ன செய்ய. எந்திரிக்காம அங்கேயே உக்காந்து, அன்னத்தாயி, எனக்கு நடுவுல மட்டுந்தான் தெரியுது, சுத்தி இருட்டா இருக்குன்னாவ. ஒரு வருஷமா இப்படியாம். தோள்வலின்னு சொல்லி பேக் பட்டறையில தோல் வெட்டுற வேலையை விட்டாவளே, அது தோள்வலி இல்ல, கத்தி விரலுக்கிட்ட வர்றது தெரியலையாம். படியும் கதவும் எங்க இருக்குன்னு தெரியத்தான் கறுப்புக் கல்லும் அந்த நிறமும் டியூப்லைட்டும் கேட்டிருக்காவ.

மறுநாளே தாதர்ல கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணுல அழுத்தமாம், போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்த ஆயுசுக்கும் சொட்டு மருந்து விடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்குப் பிறகு வேற ஒரு சண்டை. எல்லாம் அவ ஆசைப்படியே பச்சையாப் போட்டுருங்கன்னு மிஸ்திரிகிட்ட அப்பா, கறுப்புக் கல் இல்லாம நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு நான். கடைசியில மிஸ்திரி எங்க ரெண்டு பேரையும் பால்கனியில நிக்கவச்சிட்டு அவரே முடிவு பண்ணுனாரு. படியெல்லாம் கறுப்பு, ஹால்லயும் குளியலறையிலயும் டியூப்லைட்டு, அடுப்படிக்கு மட்டும் எனக்குப் பச்சை. மஞ்சள் வெளிச்சத்தை நானே வேண்டாம்னுட்டேன். இப்ப அப்பா தினமும் அந்த வெறும் வீட்டுல சுவரைத் தொட்டுக்கிட்டு நடந்து பழகுதாவ. நான் பின்னாலேயே நிக்கேன், ஒரு வேலையும் ஓட மாட்டேங்கு.

ரெண்டு பேரும் ஒத்துமையா, நோய்நொடி இல்லாம இருங்க, சாமி துணை இருக்கும். பிள்ளைகளுக்கும் இது வரலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, இந்த மாசமே போய்க் கண்ணு அழுத்தம் பாத்துரு, தள்ளிப்போடாத. அப்பா தானாச் சொல்லுத வரைக்கும் நீ எதுவும் கேக்காத. எப்பவும் அஞ்சு நிமிஷத்துல போனை வச்சிருவ, இனிமே வைக்காத. நேத்து நீ பேசி முடிச்ச பிறகும் அப்பா போனைக் காதுலயே வச்சிருந்தாவ.

அம்மா,
அன்னத்தாய் வேலுச்சாமி